மணல் எத்தனை அங்குலம்?
கடல்நீர் மீன்தொட்டியும் ஓர் அக்காவின் சம்பளமும்



மீன்தொட்டி வசதியானவர்களின் பொழுதுபோக்கு, அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சமூகவியல் படித்து, நிவித்திகலப் பகுதித் தோட்டங்களில் பெண்களோடு வேலை செய்துவரும் எனக்கு, ஒரு தொட்டியின் அடியில் எத்தனை அங்குலம் மணல் போட வேண்டும் என்ற கேள்வி ஒரு பெண்ணின் சம்பளத்தோடும் மனநிம்மதியோடும் பின்னிக்கிடக்கும் என்று தெரியாமல்தான் இருந்தது. ஓர் அக்காவின் அனுபவம் அதை எனக்குக் கற்றுத்தந்தது. அவருடைய அனுமதியோடு, பெயரையும் அடையாளத்தையும் தவிர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த அக்காவின் பெற்றோர் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர்கள். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் ஏற்பட்ட பஞ்சத்தாலும், 1977 ஆகஸ்ட் கலவரத்தாலும் மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறின. அப்படிப் போனவர்களில் இவர்களும் ஒரு குடும்பம். அக்கா வன்னியிலே பிறந்து, அங்கேயே திருமணம் செய்து, 2009இல் கணவரை இழந்தார். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது போவதற்கு வேறு இடமில்லாமல், தாய்மாமன் இருந்த லயத்துக்கு மகளோடு வந்து சேர்ந்தார். பெற்றோர் அஞ்சி ஓடிய ஊருக்கே பிள்ளை திரும்பி வந்த கதை இது.

நிவித்திகல மாணிக்கக்கல் எடுக்கும் பிரதேசம் என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு ஒரு கல் வியாபாரியின் வீட்டில் வேலை கிடைத்தது. சமையல், துப்புரவு, துணி என்பவற்றோடு முன்மண்டபத்தில் இருந்த பெரிய கடல்நீர் மீன்தொட்டியைத் துடைப்பதும் மீனுக்குத் தீன் போடுவதும் அவர் வேலையாயின. தொட்டி வேலைக்கென்று தனியாகச் சம்பளம் எதுவும் பேசப்படவில்லை.

ஒரு விசேஷத்துக்கு முன்னால், "மணல் அழுக்காக் கெடக்கு, நல்லாக் கிளறிக் கழுவிவிடு" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று அங்குலத்துக்கு மேல் பருமணல். பல வருடங்களாக யாரும் தொடாதது. அக்கா கையை விட்டு அடிவரை கிளறினார். கறுப்பாக ஒரு புகை எழும்பித் தண்ணீர் முழுவதும் பரவியது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. இரவு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடியும்போது ஒன்றைத் தவிர எல்லாம் செத்து மிதந்தன.

அந்த மாதச் சம்பளத்தில் பாதியை வெட்டினார்கள். அதைவிட, வீட்டிலிருந்த வயதான அம்மா சொன்ன ஒரு சொல்தான் அக்காவை உடைத்துப்போட்டது. "தாலியறுத்தவ கைய வச்சா எது வெளங்கும்?"

என்னிடம் வந்தபோது அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "மிஸ், அவங்க சொல்றது சரிதானோ? என் கையில எதுவுமே நிக்காது மிஸ். அவரும் நிக்கல, மீனும் நிக்கல" என்றார்.

இதற்கு ஆறுதல் சொல்லிவிடலாம். ஆனால் மீன் ஏன் செத்தது என்று தெரியாமல் சொல்லும் ஆறுதல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆகவே காரணத்தைத் தேடத் தொடங்கினேன். இரத்தினபுரியில் தொட்டி அமைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் பலமுறை கேட்டும், கிடைத்த புத்தகங்களைப் படித்தும் அறிந்ததைக் கீழே தருகிறேன்.

தொட்டிக்குள்ளே நடப்பது என்ன?

மீன் தின்னும், கழிக்கும். மிஞ்சிய தீனும் கழிவும் அழுகும்போது அமோனியா உண்டாகிறது. இது மீனுக்குக் கொடிய நஞ்சு. மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத பக்ரீரியாக்கள் இந்த அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சுதான். நைத்திரேற்று அவ்வளவு கொடியதல்ல. என்றாலும் அதிகம் சேரக்கூடாது. இந்த வேலையைச் செய்யும் பக்ரீரியாக்களுக்கு ஒட்சிசன் வேண்டும். அதனால் தண்ணீர் நன்றாக ஓடும் கற்களிலும் மணலின் மேற்பகுதியிலும் அவை வாழ்கின்றன.

மணலுக்குள் ஆழமாகப் போகப்போக ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும். அங்கே வேறுவகைப் பக்ரீரியாக்கள் உள்ளன. அவை நைத்திரேற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நைதரசன் வாயுவாக வெளியே விடுகின்றன. அந்த வாயு குமிழியாக மேலே போய்க் காற்றோடு கலந்துவிடும். சிலர் மணலை ஆழமாகப் போடுவது இதற்காகத்தான்.

அதற்கும் கீழே, ஒட்சிசனும் நைத்திரேற்றும் இல்லாத இடத்தில் கழிவு சேர்ந்திருந்தால், இன்னொரு வகைப் பக்ரீரியா ஐதரசன் சல்பைட்டு என்ற வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. மணல் கறுப்பாவதும் அதனால்தான். மாணிக்கக் குழியில் இறங்கிய வீட்டார் உங்களுக்கு இருந்தால் கேட்டுப்பாருங்கள். 'இல்லம்' என்று குழிக்காரர்கள் சொல்லும் சரளைப் படைக்கு மேலே கறுப்புச் சேறு வருவதுண்டு. நெடுநாள் மூடிக்கிடந்த பழைய குழிக்குள் அனுபவசாலி எவரும் எடுத்த எடுப்பில் இறங்கமாட்டார். காற்றுப் போகாமல் அடைந்துகிடக்கும் மண் எப்படிக் கெடும் என்பது நம் ஊர் அறிந்த விடயம். தொட்டிக்குள் நடப்பதும் அதுவேதான், அளவுதான் சிறியது.

அக்கா கிளறியபோது மூன்று கேடுகள் ஒன்றாக நிகழ்ந்தன. அடியில் அடைந்திருந்த நச்சு வாயு வெளியே வந்தது. பல வருடக் கழிவு தண்ணீரில் கலந்து அமோனியாவைக் கூட்டியது. அந்தக் கழிவைத் தின்னப் பெருகிய பக்ரீரியாக்கள் தண்ணீரில் இருந்த ஒட்சிசனைக் குடித்துவிட்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தது மூச்சுக்காகத்தான். அந்த மணலை எந்தக் கை கிளறியிருந்தாலும், தாலி கட்டிய கையோ கட்டாத கையோ, மீன்கள் செத்தேயிருக்கும்.

அப்படியானால் எத்தனை அங்குலம்?

தொட்டி எதற்காக என்பதைப் பொறுத்தே ஆழம் அமைகிறது. நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

மணலே இல்லாத தொட்டி: விற்பனைக்கு மீன் வைத்திருப்பவர்களும், நோயுற்ற மீனைத் தனியே வைப்பவர்களும் அடியில் வெறும் கண்ணாடியாகவே விடுவார்கள். கழிவு கண்ணுக்குத் தெரியும். குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். மீன் வியாபாரம் தொடங்க நினைக்கும் சகோதரிகள் இதை மனதில் வைத்திருங்கள். அழகுக்காக மணல் போட்டால் வேலை இரட்டிப்பாகும்.

ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை: வீட்டில் பார்வைக்கு வைக்கும் தொட்டிக்கு இதுவே பொருத்தம். ஒட்சிசன் பெரும்பாலும் அடிவரை போகும். தண்ணீர் மாற்றும்போது மணலையும் சேர்த்துச் சுத்தம் செய்யலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்றரை அங்குலம் போதும் என்று இரத்தினபுரிக்காரர் சொன்னார்.

இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை: இது இரண்டுங்கெட்டான் அளவு. சுத்தம் செய்வதற்கு அதிகம். நைத்திரேற்றை அகற்றுவதற்குப் பெரும்பாலும் போதாது. பருமணலாக இருந்தால் கழிவு இடுக்குகளில் இறங்கித் தங்கிவிடும். அக்கா கிளறிய தொட்டி இந்த வகையைச் சேர்ந்தது.

நான்கு முதல் ஆறு அங்குலம் வரை: நைத்திரேற்றை மணலே அகற்றவேண்டும் என்று திட்டமிட்டு அமைப்பது. இதற்குச் சீனியைப் போன்ற நுண்மணல் வேண்டும். மணலுக்குள்ளே சிறு புழுக்கள், சிறு உயிர்கள் வாழவேண்டும். அவைதான் மேற்படையை மெல்ல மெல்லப் புரட்டிக்கொடுக்கும். நாம் கையை விட்டுக் கிளறவே கூடாது. பொறுமையும் அனுபவமும் உள்ளவர்களுக்கே இது சரிவரும்.

இயற்கையை அப்படியே தொட்டிக்குள் கொண்டுவரும் முயற்சி நம் ஆசியாவிலேயே முன்னோடியைக் கண்டது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் கொண்டு கடல் உயிர்களை வளர்த்த முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். 1980களில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஜோன் ஜோபேர், மணலுக்கு அடியில் ஒரு வெற்றிடம் விட்டு அதன்மேல் ஆழமாக மணல் பரப்பும் முறையைக் கொண்டுவந்தார். ஆழ மணலை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இன்றும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பழைய ஆழ மணலைத் திடீரென்று கிளறுவது ஆபத்து என்பதை இரு தரப்பினரும் ஒப்புக்கொள்வார்கள்.

மீனைக் கேட்டு மணல் போடுங்கள்

சில மீன்களுக்கு மணல் படுக்கை. கடல் மீன்களில் சில வகைகள் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும். மணல் இல்லாத தொட்டியில் அவை கண்ணாடியில் முட்டிக் காயப்படும். அவற்றுக்கு இரண்டு அங்குல நுண்மணல் தேவை. மணலை வாயால் அள்ளிச் சலித்து இரை தேடும் மீன்களும் உண்டு. அவற்றுக்குப் பருமணல் ஆகாது. வளை தோண்டி வாழும் மீன்களுக்கோ நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும். கோமாளி மீனைப் போன்றவற்றுக்கு மணல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கல் அடுக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதலில் கல்லை அடிக் கண்ணாடியில் உறுதியாக வைத்துவிட்டு, பிறகு அதைச் சுற்றி மணலைப் போடவேண்டும். மணலின்மேல் கல்லை வைத்தால், மீன் அடியில் தோண்டும்போது கல் சரிந்து மீனும் நசுங்கும், கண்ணாடியும் உடையும்.

கணக்குப் போட்டு வாங்குங்கள்

கடைக்காரர் சொல்லும் கிலோவை அப்படியே நம்பத் தேவையில்லை. தொட்டியின் நீளம், அகலம், மணலின் ஆழம் மூன்றையும் சென்றிமீற்றரில் அளந்து பெருக்குங்கள். வரும் தொகையை 1000ஆல் வகுத்தால் மணல் எத்தனை லீற்றர் என்று தெரியும். ஒரு லீற்றர் மணல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ.

உதாரணமாக, 90 சென்றிமீற்றர் நீளமும் 40 சென்றிமீற்றர் அகலமும் 45 சென்றிமீற்றர் உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது நிறைய 162 லீற்றர் பிடிக்கும். அதில் 4 சென்றிமீற்றர், அதாவது ஒன்றரை அங்குலம் அளவு மணல் போட்டால் 14.4 லீற்றர், ஏறக்குறைய 22 கிலோ. அதையே 12 சென்றிமீற்றர் போட்டால் 43 லீற்றர், 65 கிலோ. மணலுக்குள் ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளி என்று வைத்தாலும், தண்ணீர் ஏறக்குறைய 26 லீற்றர் குறைந்துவிடும். பணமும் கூடுதல், தொட்டி வைக்கும் மேசைக்குப் பாரமும் கூடுதல், மீனுக்குத் தண்ணீரும் குறைவு. கடன் எடுத்துத் தொழில் தொடங்கும் சகோதரிகள் இந்தக் கணக்கை முதலில் தாளில் போட்டுப் பார்க்கவேண்டும்.

எந்த மணல்?

கடல்நீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்புத் தன்மையுள்ள மணல் நல்லது. தண்ணீர் புளித்துப்போகாமல் காக்க அது ஓரளவு உதவும். இதற்காகக் கடற்கரைக்குப் போய் மணலும் முருகைக்கல்லும் அள்ளி வரலாமா என்று கேட்டால், கூடாது. கரையோரப் பிரதேசத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆற்று மணலுக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். மேலும், கரையிலிருந்து அள்ளிய மணலில் எண்ணெயும் அழுக்கும் கலந்திருக்கலாம். தொட்டிக் கடையில் கேட்டுப் பற்றுச்சீட்டுடன் வாங்குவதே பாதுகாப்பு.

வாங்கிய மணலைத் தண்ணீர் தெளியும்வரை பலமுறை கழுவவேண்டும். சவர்க்காரம் கூடவே கூடாது. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பைத்தான் பாவிக்கவேண்டும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். மணலும் தண்ணீரும் கல்லும் போட்டபின், பக்ரீரியா பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதற்கு முன் மீனை விட்டால் அமோனியாவில் சாகும். அவசரப்படுத்தும் முதலாளிக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கரண்ட் போகும் நாட்கள்

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமது பக்கத்தில் வழக்கமான ஒன்று. பம்பி நின்றால் தண்ணீர் ஓட்டம் நிற்கும், ஒட்சிசன் குறையும். ஆழ மணலுக்குள் வாழும் உயிர்களும் அதே ஒட்சிசனைத்தான் எடுக்கின்றன. ஆகவே கரண்ட் அடிக்கடி போகும் இடங்களில் ஆழ மணலைத் தவிர்ப்பதே புத்தி. பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். அதுவும் இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரை ஒரு கோப்பையால் மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றிக்கொண்டிருங்கள். அதிலும் காற்றுக் கலக்கும்.

பழைய மணலை எப்படிச் சுத்தம் செய்வது?

ஒன்றரை அங்குலத் தொட்டியானால், இரண்டு கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது குழாயை மணலுக்குள் விட்டு, நான்கில் ஒரு பகுதியை மட்டும் உறிஞ்சி எடுங்கள். அடுத்தமுறை அடுத்த பகுதி. ஒரேநாளில் முழுவதையும் செய்யவேண்டாம்.

பல வருடம் தொடாத தடித்த மணலாக இருந்தால், மீன் உள்ளே இருக்கும்போது கையே வைக்காதீர்கள். வேறொரு பாத்திரத்தில் அதே உப்பளவும் அதே வெப்பநிலையும் உள்ள கடல்நீரை நிரப்பி, காற்றுப் பம்பி போட்டு, மீனை அதற்கு மாற்றிவிட்டு மணலை அகற்றுங்கள். கல்லைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். நன்மை செய்யும் பக்ரீரியாவும் அழிந்துவிடும். தவறுதலாகக் கிளறிக் கறுப்பு எழும்பிவிட்டால், உடனே காற்றுப் பம்பியைக் கூட்டி, மீனை வேறு நீருக்கு மாற்றி, தொட்டித் தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றுங்கள். நாற்றம் கடுமையாக இருந்தால் யன்னல் கதவைத் திறந்துவிட்டு வேலை செய்யுங்கள்.

அக்காவின் சம்பளம்

இவ்வளவையும் தெரிந்துகொண்டபின் அக்காவும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். சண்டைக்குப் போகவில்லை. "தொட்டி அமைத்தவரையே கூப்பிட்டுக் கேளுங்கள், அவர் என்ன சொல்கிறாரோ அதற்குக் கட்டுப்படுகிறோம்" என்றோம். அவர் வந்து மணலைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "இதைக் கிளறச் சொன்னது யார்?" என்று கேட்டார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

வெட்டிய சம்பளத்தில் பாதிதான் திரும்பிக் கிடைத்தது. முழுவதையும் பெற்றுத்தர முடியவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அன்றைக்கே இரண்டு விடயங்கள் முடிவாயின. தொட்டி வேலைக்குத் தனிச் சம்பளம். மணலையும் தண்ணீரையும் எப்போது, எப்படி மாற்றுவது என்பதை அக்காவே தீர்மானிப்பார். வயதான அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

மணலை அகற்றிப் புதிதாக ஒன்றரை அங்குலம் போட்டது அக்காவின் கைதான். அடிமட்டத்தில் விரலை வைத்து அளந்து, கொப்பி ஒன்றில் திகதியும் எழுதிவைத்தார். ஐந்து கிழமை கழித்துத்தான் மீன் விடவேண்டும் என்று உறுதியாகச் சொல்லி நின்றார். அந்த மீன்கள் பின்னர் நன்றாகவே இருந்தன. தப்பிப் பிழைத்த பழைய மீனும் அவற்றோடு இருந்தது.

"நெஞ்சுல இருந்தது கொஞ்சம் எறங்கிருச்சு மிஸ்" என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

சகோதரிகளே, போரில் பறிபோனவற்றுக்கு நம்மையே குற்றவாளியாக நிறுத்தும் பழக்கம் நம்மிடையே ஆழமாக இறங்கிக் கிடக்கிறது. ராசியில்லாதவள், கால் வைத்த இடம் விளங்காது என்ற சொற்களை ஊர் சொல்கிறது, நாமும் நம்பிவிடுகிறோம். வேலை செய்யும் இடத்தில் ஏதாவது கெட்டுப்போனால், முதலில் காரணத்தைக் கேளுங்கள். தெரிந்தவரிடம் விசாரியுங்கள். அலங்கார மீன் வளர்ப்பில் ஆர்வமுள்ளவர்கள், நெக்டா என்று அறியப்படும் அரச அதிகாரசபையின் அலுவலர்களிடம் ஆலோசனை கேட்கலாம். யார் எந்த வேலையைச் செய்யச் சொன்னார்கள், என்றைக்குச் செய்தோம் என்பதைச் சிறு கொப்பியில் எழுதிவையுங்கள். வாய்ப்பேச்சாக எடுத்துக்கொண்ட வேலைக்கு அந்தக் கொப்பிதான் நம்மிடமுள்ள சாட்சி.

மகளுக்கு இப்போது மீன்களின் பெயர்கள் எல்லாம் பாடம். முல்லைத்தீவுக் கடலை அவள் கைக்குழந்தையாகப் பார்த்தவள், நினைவில்லை. லீவு நாளில் தாயோடு போய், தண்ணீர் மாற்ற உதவி செய்கிறாள். குழாயைப் பிடிப்பது அவள் வேலை. மணலை அளப்பது இன்றும் அம்மாவின் வேலைதான்.